சமைத்தவரும் உட்காரும் விருந்து

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்திப் பகுதி: லூக்கா 10:38-42)

 

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. வாசலில் விண்மீன் தொங்குகிறது. பிள்ளைகள் குடிலுக்கு வைக்கோல் தேடி அலைகிறார்கள். கோவிலில் பாடகர் குழுவினர் இரவு வெகுநேரம் வரை பாடிப் பழகுகிறார்கள். இந்த வேளையில் நம் வீட்டுத் தாய் ஒருவரிடம், “கிறிஸ்மஸ் வருகிறதே, மனதில் என்ன ஓடுகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அவருடைய மனதில் முதலில் வருவது குடில் அல்ல, அடுப்படிதான். எத்தனை பேர் வருவார்கள்? கறி எத்தனை கிலோ சொல்ல வேண்டும்? அதிரசத்துக்குப் பச்சரிசி எப்போது ஊறப்போடுவது? மாமியார் வீட்டுக்கு எத்தனை முறுக்கு, அண்ணன் வீட்டுக்கு எத்தனை முறுக்கு? கேஸ் சிலிண்டர் அதுவரை தாங்குமா?

இருபத்து நான்காம் தேதி முழுவதும் அவர் நின்றுகொண்டே இருக்கிறார். இரவு அவசரமாகக் குளித்து, புதுச்சேலை உடுத்தி, நள்ளிரவுத் திருப்பலிக்கு வருகிறார். கையில் இன்னும் பூண்டு வாசம் போகவில்லை. மறையுரையின்போது கண் அசந்துவிடுகிறது. அவரைக் குறைசொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் தூங்கினாரோ இல்லையோ, விடியற்காலையில் இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் எழுந்துவிடுகிறார். மதியம் எல்லாருக்கும் பரிமாறி முடித்து அவர் தட்டை எடுக்கும்போது சட்டியின் அடியில் கொஞ்சம் பிரியாணிதான் இருக்கிறது. அதுவும் ஆறிப்போயிருக்கிறது. மற்றவர்கள் தொலைக்காட்சிக்கு முன் போய் உட்கார்ந்தாயிற்று. மாலையில் காலை நீட்டி உட்கார்ந்து அவர் ஒரு வார்த்தை சொல்கிறார்: “அப்பாடா, கிறிஸ்மஸ் முடிஞ்சுது.”

அன்பார்ந்தவர்களே, இந்த வார்த்தை நம்மைத் தைக்க வேண்டும். மக்கள் எல்லாருக்கும் பெருமகிழ்ச்சி என்று வானதூதர் அறிவித்த நாள் இது. அந்த ‘எல்லாருக்கும்’ என்பதில் நம் வீட்டு அடுப்படியில் நிற்பவரும் உண்டா, இல்லையா? உலகத்துக்கே நற்செய்தியான ஒரு நாள், ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஒருவருக்கு மட்டும் எப்போது முடியும் என்று காத்திருக்கும் சுமையாகிவிட்டால், நம் கொண்டாட்டத்தில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது.

விருந்தைப் பற்றியெல்லாம் மறையுரையில் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். நற்செய்தியைத் திறந்து பாருங்கள். ஆண்டவர் எத்தனை பந்திகளில் அமர்ந்திருக்கிறார்! கானாவில் திருமண வீட்டில், லேவியின் வீட்டில், பரிசேயர் சீமோனின் வீட்டில், எம்மாவுவில். தமது இறுதி இரவில் நமக்குத் தந்த மாபெரும் கொடையையும் அவர் ஓர் உணவு மேசையில்தான் தந்தார். அவர் பிறந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள். அவரைக் கிடத்திய இடம் தீவனத் தொட்டி, அதாவது உயிர்கள் உண்ணும் இடம். ஆகவே கிறிஸ்மஸ் நாளில் வீட்டில் விருந்து சமைப்பது நம் விசுவாசத்துக்கு அந்நியமான செயல் அல்ல. அதை எப்படிச் சமைக்கிறோம், யாருடைய முதுகில் ஏற்றிச் சமைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இப்போது பெத்தானியாவுக்குப் போவோம். இயேசுவைத் தம் வீட்டில் வரவேற்றவர் மார்த்தா என்று லூக்கா தெளிவாக எழுதுகிறார். கதவைத் திறந்தவர் அவர்தான். அவர் திறந்திராவிட்டால் மரியா ஆண்டவருடைய காலடியில் அமர்ந்திருக்கவும் முடியாது. ஆனால் பற்பல பணிகளில் சிக்கி அவர் மனம் சிதறுகிறது. கடைசியில் பொறுக்க முடியாமல் விருந்தாளியிடமே வந்து முறையிடுகிறார்: என்னைத் தனியே விட்டுவிட்டாளே என் சகோதரி, உமக்குக் கவலையில்லையா?

இந்தப் பகுதியை வைத்து மார்த்தாவைத் திட்டுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவருக்கு உலக ஆசை, மரியாவுக்குப் பக்தி என்று எளிதாகப் பிரித்துவிடுகிறோம். ஆண்டவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். “ஏன் சமைக்கிறாய்?” என்று அவர் கேட்கவில்லை. அவர் பெயரை இரண்டு முறை சொல்லி அழைக்கிறார். பதறி ஓடும் ஒருவரை நிறுத்த நாமும் அப்படித்தான் அழைப்போம், இல்லையா? அதில் கோபம் இல்லை, பரிவு இருக்கிறது. பல காரியங்களைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்கிறார். அவர் சுட்டிக்காட்டியது அந்தக் கலக்கத்தைத்தான்; உழைப்பைக் குறைகூறவில்லை. தேவையானது ஒன்றே என்றும் சொல்கிறார். பத்துப் பதார்த்தங்கள் வைத்துவிட்டு விருந்தாளியோடு பேச நேரமில்லாமல் போனால் அந்த விருந்தால் யாருக்கு என்ன பயன்?

மார்த்தாவின் கதை அத்தோடு முடியவில்லை. யோவான் நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் பாஸ்கா விழாவுக்கு ஆறு நாள் முன்பு, அதே பெத்தானியாவில் இயேசுவுக்கு மீண்டும் விருந்து. அங்கும் மார்த்தாதான் பரிமாறுகிறார். அதே கை, அதே வேலை. ஆனால் இம்முறை அவர் வாயிலிருந்து ஒரு முறையீடும் பதிவாகவில்லை. இடையில் என்ன நடந்தது? சகோதரன் இலாசர் இறந்தபோது, இயேசுவே மெசியா, இறைமகன் என்று அறிக்கையிட்டவர் இந்த மார்த்தா. வேலையை அவர் விட்டுவிடவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 29-ஆம் நாளை மார்த்தா, மரியா, இலாசர் மூவருக்கும் பொதுவான நினைவு நாளாக்கினார். உழைத்தவரும் கேட்டவரும் உயிர்த்தெழுந்தவரும் ஒரே வீட்டில் புனிதர்கள்!

இன்னொரு காட்சியும் உண்டு. ஆண்களே, இதை நீங்கள் சிறப்பாகக் கேளுங்கள். யோவான் 21-ஆம் அதிகாரம். திபேரியக் கடலில் இரவெல்லாம் வலைவீசிக் களைத்த சீடர்கள் கரைக்கு வருகிறார்கள். அங்கே கரியினால் தீ மூட்டியிருக்கிறது. அதன்மேல் மீன். பக்கத்தில் அப்பம். சமைத்து வைத்துவிட்டு உண்ண வாருங்கள் என்று அழைப்பவர் யார்? சாவை வென்ற ஆண்டவர்! உயிர்த்த பிறகு அவர் செய்த வேலைகளில் ஒன்று, களைத்து வந்தவர்களுக்குக் காலை உணவு ஆக்கியது. அடுப்படிக்குள் கால் வைப்பது ஆணுக்கு அழகல்ல என்று நினைப்பவர், அந்தக் கடற்கரையில் ஆண்டவருக்கு என்ன சொல்வார்?

ஆக, நாம் செய்ய வேண்டியது என்ன? சமையல் குறிப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நம் பங்குகளில் நிதானமாகப் பெருவிழா கொண்டாடும் குடும்பங்களிடம் நான் கண்ட சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, குறைத்துக்கொள்வது. ஒரு பிரியாணி, ஒரு குழம்பு, தயிர்ப் பச்சடி, ஓர் இனிப்பு. இதில் யாருக்குப் பசி ஆறாது? பக்கத்து வீட்டில் ஐந்து வகை என்பதற்காக நாம் ஆறு வகை செய்யத் தொடங்கினால் அது போட்டியாகிவிடுகிறது. எல்லாவற்றையும் அன்று ஒரே நாளில் செய்து தீர்க்கவும் வேண்டாம். திருச்சபை இந்தப் பெருவிழாவை எட்டு நாள் கொண்டாடுகிறது. டிசம்பர் 25-இல் தொடங்கும் எண்கிழமை, ஜனவரி 1-இல் மரியா இறைவனின் தாய் பெருவிழாவோடு நிறைவடைகிறது. இடையில் திருக்குடும்ப விழாவும் வருகிறது. நாத்தனார் குடும்பத்தை அந்த நாளில் அழைக்கலாமே! மீன் குழம்பும் பாயசமும் அன்றைக்கு இருக்கட்டுமே! திருச்சபைத் தாயே எட்டு நாள் எடுத்துக்கொள்ளும்போது, நம் வீட்டுத் தாய் மட்டும் ஏன் எட்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும்?

இரண்டாவது, முன்னதாகச் செய்வது. முறுக்கு, அச்சு முறுக்கு, குமரி மாவட்டத்துக்காரர்கள் விரும்பிச் செய்யும் முந்திரிக்கொத்து, இவையெல்லாம் மூடிய டப்பாவில் பல நாள் இருக்கும். அதிரச மாவு பாகு சேர்த்தபின் ஓரிரு நாள் இருந்தால்தான் பதமாக வரும். ஆகவே எண்ணெய்ச் சட்டி வேலையை 22-ஆம் தேதிக்குள் முடித்துவிடலாம். கறிக்கடையில் ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்தால் கடைசி நேரக் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. 23-ஆம் தேதி மசாலாவும் இஞ்சி பூண்டு விழுதும் அரைத்துவிடலாம். மார்கழிக் குளிரில் இட்லி மாவு மெதுவாகத்தான் புளிக்கும். அதை 24-ஆம் தேதி காலையிலேயே கரைத்து வைப்பது நல்லது. அன்று மாலைக்குள் கறியைக் கழுவி, தயிரும் மசாலாவும் பிசறிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், மறுநாள் பாதி வேலை முடிந்த மாதிரி. பிறகு மாலை ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுங்கள். அந்த இரவு அடுப்படிக்கு விடுமுறை. அம்மா இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, தெளிந்த முகத்தோடு திருப்பலிக்கு வரட்டும்.

மூன்றாவது, பகிர்ந்துகொள்வது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஒரு தாளில் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வெங்காயம் உரிப்பது: அப்பா. பூண்டு உரிப்பது: தாத்தா. வீடு பெருக்குவது: பெரியவன். தண்ணீர், இலை, டம்ளர் எடுத்து வைப்பது: சின்னவள். பாத்திரம் துலக்குவது: மகனும் மருமகனும். இதை ‘அம்மாவுக்கு உதவி’ என்று சொல்லாதீர்கள். விருந்து எல்லாருடையது என்றால் வேலையும் எல்லாருடையதுதான். தனியாக விட்டுவிட்டார்களே என்று மார்த்தா வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது. நம் வீட்டில் அவர் கேட்கும் முன்பே நாம் எழுந்து நிற்போம். மாமியார்மாரே, உங்கள் மருமகள் செய்த குழம்பில் உப்பு கொஞ்சம் குறைந்தால் அன்று ஒரு நாள் அதைச் சொல்லாமல் விடுவது உங்கள் பங்கு வேலை.

நான்காவது, இதுதான் முக்கியமானது, சமைத்தவரும் உட்காருவது. எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு, ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டு, எல்லாரும் ஒன்றாக அமருங்கள். அம்மா உட்காரும்வரை யாரும் இலையில் கை வைப்பதில்லை என்று ஒரு சட்டம் போடுங்கள். குடும்பத் தலைவர் செபம் சொல்லட்டும். வீட்டின் கடைக்குட்டி குழந்தை இயேசுவுக்கு நன்றி சொல்லட்டும். கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும்.

சகோதரரே, சில வீடுகளில் பெண்களின் மனதை அழுத்துவது சமையல் வேலையே அல்ல. ‘இவர் மாலையில் எந்த நிலையில் வீடு திரும்புவார்?’ என்ற பயம். பாலன் பிறந்த நாளில் அப்பா தள்ளாடி வருவதைப் பார்த்து, பலகாரத் தட்டோடு ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் இல்லையா? விருந்தே வேண்டாம், கஞ்சி குடித்தாலும் நிம்மதியாகக் குடிக்கிறோம் என்று அழும் தாய்மார் இல்லையா? குடும்பத் தலைவர்களே, இந்த ஆண்டு உங்கள் மனைவிக்குப் பட்டுச் சேலை வாங்கித் தர முடியாமல் போகலாம். தெளிந்த கண்ணோடு வீட்டில் இருந்து, பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுங்கள். அதைவிடப் பெரிய கிறிஸ்மஸ் பரிசு அவருக்கு இல்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். மாதாமாதம் பண்டிகைச் சீட்டுக் கட்டி, சேர்த்த காசில் கொண்டாடுவது நல்ல பழக்கம். ஆனால் ஊர் என்ன சொல்லுமோ என்று வட்டிக்கு வாங்கி, நகையை அடகு வைத்து விருந்து வைக்காதீர்கள். ஆட்டுக்கறி வாங்க முடியவில்லையா, கோழி போதும். அதுவும் முடியவில்லையா, முட்டைக் குழம்பு போதும். வைக்கோலில் படுத்தவர் உங்கள் இலையைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்.

அசிசி நகர் புனித பிரான்சிஸ், 1223-இல் கிரேச்சோ என்ற இடத்தில் கிறிஸ்மஸ் குடில் காட்சியை அமைத்தவர். ஏழ்மையை மணந்தவர் என்று பெயர் பெற்ற அந்த மனிதர் விருந்தை வெறுக்கவில்லை. ஒருமுறை கிறிஸ்மஸ் வெள்ளிக்கிழமையில் வந்தது. இறைச்சி உண்ணலாமா என்ற பேச்சு எழுந்தபோது, இந்த நாளில் சுவர்களும் இறைச்சி உண்ண வேண்டும் என்று அவர் மகிழ்ந்து சொன்னதாக, அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ நகர் தோமா குறிப்பிடுகிறார். அன்று செல்வர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்க வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட வழக்கத்தைவிட அதிகத் தீவனம் போட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதே பிரான்சிஸ், உணவு வேளையில் அன்னை மரியாவின் வறுமையைப் பற்றி ஒரு சகோதரர் பேசியபோது கண்ணீரோடு எழுந்து, மீதி அப்பத்தை வெறுந்தரையில் அமர்ந்து உண்டாராம். மகிழ்ச்சியும் இல்லாதவர் நினைவும் ஒரே பந்தியில் இருக்க முடியும் என்று அவர் காட்டினார்.

ஆகவே இலை போடும்போது ஓர் இலை கூடுதலாகப் போடுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே ஒரு சட்டிச் சோறு ஆக்கும் பெரியவர் உங்கள் தெருவில் இருப்பார். விடுதியில் தங்கியிருக்கும் வெளியூர் மாணவர் இருப்பார். ஊருக்குப் போக முடியாத வடமாநிலத் தொழிலாளி இருப்பார். இந்த ஆண்டு ஒருவரை அடக்கம் செய்ததால் எண்ணெய்ச் சட்டி வைக்காத துக்க வீடு உங்கள் அன்பியத்திலேயே இருக்கும். அவர்களுக்கு ஓர் அழைப்பு, முடியாவிட்டால் மூடிய ஒரு தூக்குப் பாத்திரம். திருப்பி அழைக்க முடியாதவர்களை விருந்துக்கு அழையுங்கள் என்று ஆண்டவர் சொன்னது இதைத்தான். தீபாவளிக்கு நமக்குப் பலகாரம் கொடுத்த இந்துச் சகோதரர் வீட்டுக்கும், பெருநாளுக்குப் பிரியாணி அனுப்பிய இஸ்லாமியச் சகோதரர் வீட்டுக்கும் நம் பிள்ளைகள் கையில் தட்டுக் கொடுத்து அனுப்புவது நம் மண்ணின் அழகான வழக்கம். வேலைப்பளுவில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

அன்று இரவு பெத்லகேமில் ஆண்டவருக்கு யாரும் விருந்து வைக்கவில்லை. விடுதியில் இடமும் இல்லை. நம் வீட்டில் அவருக்கு இடம் உண்டு என்று சொல்கிறோம். அப்படியானால் அவர் வந்து முதலில் தேடப்போவது யாரை? அடுப்பருகே வியர்த்து நிற்பவரை. அவருடைய பெயரை இரண்டு முறை சொல்லி அழைப்பார். அந்தக் குரல் அவருக்குக் கேட்கும்படி, அவர் கையிலிருக்கும் கரண்டியை நாம் வாங்கிக்கொள்வோம்.

மன்றாடுவோமாக. அன்பு ஆண்டவரே, கடற்கரையில் சீடர்களுக்கு உணவு சமைத்தவரே, எங்கள் இல்லங்களில் உழைக்கும் கைகளை ஆசீர்வதியும். கவலையால் கலங்கும் தாய்மாருக்கு உமது அமைதியைத் தாரும். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பகிர்ந்து உழைக்கும் மனதைத் தாரும். குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களை விடுவியும். தனிமையிலும் துயரத்திலும் இருப்போரை எங்கள் பந்திக்கு அழைத்துவர எங்களுக்கு நினைவூட்டும். நீர் பிறந்த நாளில் எங்கள் வீட்டில் நிற்பவர் ஒருவரும் இல்லாமல், எல்லாரும் உம்மோடு அமர்ந்து மகிழச் செய்தருளும். ஆமென்.

உங்கள் அனைவருக்கும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நல்வாழ்த்துகள்.